அமிலத்தை உணர்வது லிப்பிடா, புரதமா? ஆய்வைத் தொடங்க நான்கு வழிகள்

தன் உள்ளே அமிலத்தன்மை ஏறுவதைச் செல் எப்படி அறிகிறது? இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் பாடநூல்கள் சொன்ன விடை ஒன்றுதான்: ஏதோ ஒரு புரதம் உணர்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பிஎச் 6 முதல் 6.5 வரையிலான பகுதியில் புரோட்டானை (ஹைட்ரஜன் அயனியை) ஏற்கவும் விடவும் வல்லது. அது புரதத்தின் முக்கியமான இடத்தில் அமர்ந்திருந்தால், புரோட்டான் ஒட்டும்போது புரதத்தின் நடத்தை மாறும். இது இன்றும் சரியான விடைதான். ஆனால் 2010-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் லோவன் குழு சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, இதற்குப் பக்கத்தில் இன்னொரு விடையை வைத்தது. புரோட்டானை ஏற்பது சவ்வில் உள்ள லிப்பிடாகவும் (கொழுப்பு வகை மூலக்கூறாகவும்) இருக்கலாம். புரதம் அந்த லிப்பிடைப் பிடித்துக்கொண்டோ கைவிட்டோ செய்தியைக் கடத்துகிறது.

இந்தத் துறைக்குள் நுழைய நினைக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு முதல் முடிவு எதைப் படிப்பது என்பதைவிட எதில் படிப்பது என்பதுதான். கைவசம் நான்கு வழிகள் உண்டு: ஈஸ்ட் செல், சோதனைக் குழாயில் செய்யும் லைப்போசோம் (லிப்பிட் சவ்வாலான நுண்பை), பாலூட்டிச் செல், கணினி உருவகம். நான்கிலும் நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் நான்கும் ஒரே கேள்விக்கு விடை தருவதில்லை. அதைக் கவனிக்காமல், ஆய்வகத்தில் எந்தக் கருவி காலியாக இருக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டில் தொடங்குங்கள், லைப்போசோமில் நிரூபியுங்கள். பாலூட்டிச் செல்லைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கணினியைத் துணைக்கு மட்டும் அழையுங்கள். இப்படிச் சொல்வதற்கு நான் வைக்கும் அளவுகோல் ஒன்றே: புரோட்டான் லிப்பிடில் ஒட்டியதா, புரதத்தில் ஒட்டியதா என்பதைப் பிரித்துக் காட்ட அந்த வழியால் முடியுமா? இரு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். இங்கே எந்தக் கை அசைந்தது என்பதுதான் ஆய்வே.

முதலில் வேதியியல்

சவ்வில் உள்ள பெரும்பாலான பாஸ்போலிப்பிட்களில் பாஸ்பேட்டின் இரு பக்கமும் கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் கிளிசரால். மறுபக்கம் கோலின், எத்தனாலமின், செரின் போன்ற ஏதோ ஒன்று. மிச்சமிருக்கும் ஒரே அமில ஹைட்ரஜன் மிகக் குறைந்த பிஎச்சிலேயே கழன்றுவிடுவதால், செல்லுக்குள் 6-க்கும் 7.5-க்கும் இடையே நடக்கும் ஏற்ற இறக்கம் அந்தப் பாஸ்பேட்டை அசைப்பதில்லை. பாஸ்பாடிடிக் அமிலம் என்ற லிப்பிட் அப்படியல்ல. அதன் தலையில் வெறும் பாஸ்பேட் மட்டுமே இருக்கிறது. கழலக்கூடிய ஹைட்ரஜன்கள் இரண்டு. முதலாவது பிஎச் 3-ஐ ஒட்டிக் கழல்கிறது. அது நமக்கு வேண்டாம். இரண்டாவது, சவ்வின் கலவையைப் பொறுத்து, ஏறத்தாழ 7-க்கும் 8-க்கும் இடையில் கழல்கிறது. செல்லின் இயல்பான பிஎச்சும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இதன் கூர்மை விளங்கும். இரண்டாவது ஹைட்ரஜனின் பிகேஏ 7 என்று வைத்துக்கொள்வோம்; அதாவது அந்தப் பிஎச்சில் பாதி மூலக்கூறுகள் ஹைட்ரஜனோடும் பாதி அது இல்லாமலும் இருக்கும். பிஎச் 7.2-இல் ஏறத்தாழ 61 விழுக்காடு மூலக்கூறுகள் இரட்டை எதிர்மின்சுமையோடு இருக்கும். பிஎச் 6.2-க்கு இறங்கினால் அது 14 விழுக்காடாகச் சுருங்கும். லிப்பிடின் அளவு அப்படியே இருக்கிறது, மின்சுமை மட்டும் கரைந்துவிடுகிறது. லைசின், ஆர்ஜினின் போன்ற நேர்மின்சுமை கொண்ட அமினோ அமிலங்களால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த புரதத்துக்கு இது பெரிய இழப்பு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. எட்கர் கூய்மன் முதலானோர் 2005 முதல் வெளியிட்ட பாஸ்பரஸ் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆய்வுகளின்படி, லைசினோ ஆர்ஜினினோ அருகில் வந்து ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்தும்போது, பாஸ்பாடிடிக் அமிலம் தன் இரண்டாவது ஹைட்ரஜனை இன்னும் எளிதாக விட்டுவிடுகிறது. அதனால் மின்சுமை கூடி, பிடி மேலும் இறுகுகிறது. எதிர்மின்சுமை கொண்ட வேறு லிப்பிட்கள் பக்கத்தில் இருந்தும் சில புரதங்கள் இதையே தேடிப் பிடிப்பதற்கு இது நல்ல விளக்கம். சவ்வில் எத்தனாலமின் லிப்பிட் அதிகமானாலும் இதே போலப் பிகேஏ இறங்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லைப்போசோம் பகுதியில் இதுவே நமக்குக் கருவியாகப் போகிறது.

ஈஸ்ட்

லோவன் குழு பார்த்த கதை இது. ஈஸ்டில் ஓபி1 என்று ஒரு புரதம் உண்டு. பாஸ்போலிப்பிட்களை உருவாக்கும் மரபணுக்களை அடக்கி வைப்பது அதன் வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்ய அது உட்கருவுக்குள் போக வேண்டும். எண்டோபிளாச வலையின் சவ்வில் எஸ்சிஎஸ்2 என்ற புரதமும் பாஸ்பாடிடிக் அமிலமும் சேர்ந்து அதைப் பிடித்து வைத்திருக்கும் வரை மரபணுக்கள் தடையின்றி இயங்கும். லிப்பிட் செய்யப் பயன்படும் சிறு மூலக்கூறான இனோசிட்டாலை ஊடகத்தில் சேர்த்தால் பாஸ்பாடிடிக் அமிலம் செலவாகிவிடும், ஓபி1 விடுபட்டுப் போகும், மரபணுக்கள் அடங்கும். இது 2004-லேயே தெரிந்த செய்தி.

2010-இல் சேர்ந்தது இதுதான்: குளுக்கோஸை நிறுத்தினாலும் ஓபி1 விடுபடுகிறது. குளுக்கோஸ் இல்லையென்றால் ஏடிபி குறையும். புரோட்டான்களை வெளியே தள்ளும் பிஎம்ஏ1 பம்ப் மந்தமாகும். 7-க்குச் சற்று மேலே இருந்த சைட்டோசாலின் (செல்லின் உள்திரவத்தின்) பிஎச் சில நிமிடங்களில் 6-ஐ நோக்கி இறங்கும். பாஸ்பாடிடிக் அமிலம் புரோட்டானை ஏற்று மின்சுமையை இழக்கும். ஓபி1-இன் பிடி தளரும். சாப்பாடு இல்லாதபோது புதிய சவ்வு கட்ட வேண்டாம் என்ற முடிவை, தனியாக ஓர் ஏற்பியும் அதற்கொரு தூதுவனும் இல்லாமல், கட்டுமானப் பொருளே எடுத்துவிடுகிறது. இதை முதலில் படிக்கும் எவருக்கும் ஒரு சிறு பொறாமை வரும். இவ்வளவு எளிய ஏற்பாடு இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்திருக்கிறதே!

ஈஸ்டைப் பரிந்துரைக்க முதல் காரணம், இங்கே பிஎச்சையும் லிப்பிடையும் தனித்தனியாக அசைக்க முடியும் என்பது. பிஎச்சைக் குறைக்க குளுக்கோஸை நிறுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. பிஎம்ஏ1 பம்ப் வலுவிழந்த வகையை எடுக்கலாம். அமில ஊடகத்தில் சார்பிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்ற வலுக்குறைந்த அமிலங்களைக் கொடுத்தால், அவை மின்சுமையற்ற வடிவில் சவ்வைக் கடந்து உள்ளே போய்ப் புரோட்டானைக் கழற்றிவிடும். லிப்பிட் பக்கத்தில், பாஸ்பாடிடிக் அமிலத்தைச் சிதைக்கும் பிஏஎச்1 நொதியை நீக்கினால் அதன் அளவு ஏறும். அப்போது எத்தனை பிஎச் இறக்கத்துக்கு ஓபி1 விடுபடுகிறது என்று பார்க்கலாம். லிப்பிட் அதிகமானால் அதே விளைவுக்கு இன்னும் அதிக அமிலம் தேவைப்பட வேண்டும். இது கருதுகோளிலிருந்து நேராக வரும் கணிப்பு. ஒரு மாணவரால் ஒரு பருவத்துக்குள் சோதிக்கக் கூடியது.

இரண்டாவது காரணம், விளைவைக் கண்ணால் பார்க்கலாம். இனோசிட்டால் இல்லாத தட்டில் 30 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தால், ஓபி1 தேவையில்லாமல் அடக்கிக்கொண்டிருக்கும் செல்கள் தமக்கு வேண்டிய இனோசிட்டாலைச் செய்துகொள்ள முடியாமல் வளராது. ஓபி1 விடுபட்டுவிட்டதா என்ற மூலக்கூறு நிலைக் கேள்விக்கு, தட்டில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று விடை கிடைக்கிறது. மரபணு ஒன்றொன்றாக நீக்கப்பட்ட ஏறத்தாழ 4,800 ஈஸ்ட் வகைகளின் தொகுப்பு பல ஆய்வகங்களில் இருக்கிறது. அதில் இந்தத் தட்டுச் சோதனையைச் செய்தால் பிஎச்சைப் பராமரிக்கும் மரபணுக்கள் தாமாக வந்து நிற்கும். வெற்றிட நுண்பையை (வேக்குவோலை) அமிலமாக்கும் வி-ஏடிபேஸ் பம்ப்பின் குறைபாடுகளும் அப்படி வந்தவையே. பேக்கரி ஈஸ்டை வாங்கி இதைச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மரபணு வரலாறு தெரிந்த ஆய்வக வகைதான் வேண்டும்.

மூன்றாவது, செலவு. முப்பது டிகிரி அறை, குலுக்கி, ஒளிரும் நுண்ணோக்கி. இவை பெரும்பாலான பல்கலைக்கழக உயிரியல் துறைகளில் இருக்கும். சைட்டோசாலின் பிஎச்சை அளக்க, 1998-இல் கெரோ மீசன்பாக் முதலானோர் உருவாக்கிய பிஎச்-ஃப்ளூரின் என்ற பச்சை ஒளிர்வுப் புரத வகையைச் செல்லுக்குள்ளேயே உற்பத்தி செய்ய வைக்கலாம். இரண்டு அலைநீளங்களில், ஏறத்தாழ 390, 470 நானோமீட்டரில், தூண்டி வரும் ஒளியின் விகிதத்தை எடுத்தால் பிஎச் கிடைக்கும். செல்லில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்ற கவலை விகிதத்தில் அடிபட்டுப் போகும்.

இனி குறைகள். இவை சிறியவை அல்ல. குளுக்கோஸ் நிறுத்தினால் பிஎச் மட்டும் இறங்குவதில்லை; புரத கைனேஸ்கள் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள்) பல விழித்துக்கொள்கின்றன. ஆற்றல் இன்றி அமிலமாகும் ஈஸ்டின் சைட்டோபிளாசமே இறுகித் திடப்பொருள் போல நடந்துகொள்கிறது என்று 2016-இல் ஈலைஃப் இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. துகள்கள் உள்ளே நகரும் வேகமே மாறிவிடுகிறது. ஆகவே ஓபி1 இடம் மாறியது என்பதைப் பார்த்ததும் லிப்பிட்தான் காரணம் என்று எழுதிவிட முடியாது. வி-ஏடிபேஸ் இல்லாத செல்களும் சிக்கலானவை. வெற்றிட நுண்பை கெட்டுப்போவதால் கால்சியம் கணக்கும் கெட்டுப்போகும்.

நடைமுறையில் பலரைச் சறுக்க வைக்கும் ஒன்று: ஓபி1-ஐப் பின்தொடர அதனுடன் சாதாரண ஜிஎஃப்பியை ஒட்டுவது. அந்தப் பச்சைப் புரதத்தின் ஒளிர்வே பிஎச் 6-ஐ நெருங்கும்போது பாதியாகக் குறையும். சவ்வில் ஒளி மங்கினால் ஓபி1 போய்விட்டது என்று பொருளா, ஒளிகாட்டி அணைந்தது என்று பொருளா? அமிலத்தைத் தாங்கும் எம்செர்ரி போன்ற சிவப்புப் புரதத்தை ஒட்டினால் இந்தக் குழப்பம் இல்லை. பிஎச்-ஃப்ளூரினின் பச்சையோடும் அது கலக்காது. ஒரே செல்லில் பிஎச்சையும் இடமாற்றத்தையும் சேர்த்தே பார்க்கலாம்.

லைப்போசோம்

ஈஸ்ட் சொல்வதை யாரும் மறுக்க முடியாதபடி நிறுவ வேண்டுமென்றால் லைப்போசோமுக்கு வந்தாக வேண்டும். விலைக்குக் கிடைக்கும் தூய லிப்பிட்களைக் குளோரோஃபார்மில் கலந்து, காயவைத்து, நீரேற்றி, 100 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் வடிகட்டி வழியே பலமுறை தள்ளினால் ஒரே அளவிலான நுண்பைகள் கிடைக்கும். ஓபி1-இன் பிணையும் பகுதியைத் தூய்மையாக்கிச் சேர்த்து, அதிவேக மையவிலக்கியில் சுற்றி, புரதம் நுண்பையோடு போகிறதா, கரைசலில் தங்குகிறதா என்று பார்ப்பது அடிப்படைச் சோதனை. இதை வெவ்வேறு பிஎச்சில் செய்தால் ஒரு வளைகோடு வரும்.

அந்த வளைகோடு மட்டும் எதையும் நிரூபிக்காது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. புரதத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் அதுவும் இதே பிஎச் பகுதியில் மாறும். பிஎச் இறங்கும்போது ஹிஸ்டிடின் நேர்மின்சுமை பெறுவதால், எதிர்மின்சுமை கொண்ட லிப்பிடோடு பிடி இறுகலாம். ஆக்டின் இழைகளை வெட்டும் கோஃபிலின் அப்படித்தான் செய்கிறது. 2008-இல் டயான் பார்பர் குழு காட்டியபடி, அதன் ஒரு ஹிஸ்டிடின் புரோட்டானை இழக்கும்போது பிஐபி2 லிப்பிடோடு உள்ள பிடி தளர்கிறது. அங்கே உணர்வது புரதம், லிப்பிட் வெறும் கொழுகொம்பு. ஓபி1-இல் திசை நேர் எதிர்: பிஎச் இறங்கும்போது பிடி தளர்கிறது. திசையே ஒரு தடயம், ஆனால் அது போதாது.

போதுமான ஆதாரத்துக்கு இரண்டு சோதனைகள் உண்டு; இரண்டும் லைப்போசோமில் மட்டுமே சுத்தமாகச் செய்யக்கூடியவை. ஒன்று, பாஸ்பாடிடிக் அமிலத்துக்குப் பதில் பாஸ்பாடிடில்கிளிசராலைப் போடுவது. அதுவும் எதிர்மின்சுமை கொண்டது, ஆனால் அந்த மின்சுமை இந்தப் பிஎச் பகுதியில் மாறாது. பிணைப்பு பலவீனமாக இருக்கும். அதன் விகிதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் வளைகோடு பிஎச்சோடு மாறினால் புரதத்தைச் சந்தேகிக்க வேண்டும். மாறாமல் தட்டையாக இருந்தால் லிப்பிட் பக்கம் ஒரு புள்ளி.

மற்றது இன்னும் நேர்த்தியானது. கோலின் லிப்பிடில் ஒரு பகுதியை எத்தனாலமின் லிப்பிடாக மாற்றுங்கள். இரண்டும் இந்தப் பிஎச்சில் மொத்த மின்சுமை அற்றவை. ஆனால் எத்தனாலமின் அதிகமானால் பாஸ்பாடிடிக் அமிலத்தின் பிகேஏ இறங்கும். ஆகவே பிணைப்பு பாதியாகும் பிஎச்சும் அதே திசையில் நகர வேண்டும். புரதத்தின் ஹிஸ்டிடினுக்கு எத்தனாலமின் எவ்வளவு இருக்கிறது என்பதில் அப்படியொரு அக்கறை கிடையாது. எத்தனாலமின் சவ்வின் இறுக்கத்தையும் மாற்றும் என்பதால் மொத்தப் பிணைப்பின் உயரம் மாறலாம். பார்க்க வேண்டியது உயரத்தை அல்ல, நடுப்புள்ளி நகர்ந்ததா என்பதை.

இங்கே இன்னொரு கணக்கைத் தவறவிடக் கூடாது. நீங்கள் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) அளக்கும் பிஎச்சும் லைப்போசோமின் தோலில் உள்ள பிஎச்சும் ஒன்றல்ல. எதிர்மின்சுமை கொண்ட சவ்வு புரோட்டான்களைத் தன்னருகே இழுத்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்பு மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் எதிர்மறையாக இருந்தால் மேற்பரப்பின் பிஎச் ஒரு முழு அலகு குறைவாக இருக்கும். உப்பைக் கூட்டினால் இந்த வேறுபாடு குறையும். ஆகவே பிஎச் மாறும்போது உப்பின் வலிமை மாறாதபடி பஃபர்களைத் தயாரிக்க வேண்டும். பிஎச் 6-க்கு எம்இஎஸ், 7.5-க்கு ஹெப்பெஸ் என்று பஃபரை மாற்றும்போது அயனி வலிமையும் சேர்ந்து மாறிவிடுவது வளைகோட்டைப் பொய்யாக்கும் எளிய வழி. கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பாடிடிக் அமிலத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றையும் விலக்க வேண்டும்.

லைப்போசோமின் குறை வெளிப்படை: அதில் உயிர் இல்லை. பாஸ்பாடிடிக் அமிலம் சில விழுக்காடே உள்ள சவ்வில் நடப்பதை அறிய, பத்து இருபது விழுக்காடு போட்டுச் சோதிக்கிறோம். லிப்பிட் வால்களின் நீளமும் முக்கியம். 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று ஓபி1 தலையை மட்டுமல்ல, வாலின் நீளத்தையும் பொருட்படுத்துகிறது என்று காட்டியது. அலமாரியில் இருக்கும், இரண்டு ஓலியேட் வால்கள் கொண்ட வகையை மட்டும் வைத்து ஈஸ்டைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. லிப்பிட் விலையும் அதிகம். காற்றும் ஈரமும் படாமல், உறைநிலைக்குக் கீழ் வைத்துக் காக்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

பாலூட்டிச் செல்

நிதி கோரும் விண்ணப்பத்தில் இதற்குத்தான் மவுசு. புற்றுநோய் என்ற சொல்லைச் சேர்க்கலாம். பல புற்றுச் செல்களின் உள்ளே பிஎச் இயல்பைவிடச் சற்று அதிகமாகவும், அவற்றைச் சுற்றியுள்ள வெளி அமிலமாகவும் இருக்கிறது என்பது உண்மையும்கூட. ஆனால் முதல் ஆய்வாக இதை எடுக்க நான் யாரையும் ஊக்குவிக்க மாட்டேன்.

காரணம், இங்கே வட்டத்தை வெட்டுவது கடினம். புரோட்டானை வெளியேற்றும் என்எச்இ1 பரிமாற்றிக்குப் பிஐபி2 லிப்பிட் தேவை என்று 2000-லேயே காட்டப்பட்டுவிட்டது. பிஐபி2-ஐக் குறைத்து அதன் பங்கை அறியப் போனால், பிஎச்சும் தானாக மாறிவிடும். எது காரணம், எது விளைவு? பாஸ்பாடிடிக் அமிலத்தைக் குறைக்க பியூட்டனால் சேர்ப்பது பழைய தந்திரம். பாஸ்போலைப்பேஸ் டி நொதி தண்ணீருக்குப் பதில் பியூட்டனாலைப் பிடித்துக்கொண்டு வேறு லிப்பிடைச் செய்துவிடும். ஆனால் பியூட்டனால் செல்லுக்கு வேறு பல கேடுகளும் செய்யும். பாஸ்பாடிடிக் அமிலம் எங்கே இருக்கிறது என்று காட்ட இருக்கும் ஒளிரும் கருவிகளும் அதன் மின்சுமையைப் பிடித்தே வேலை செய்கின்றன. பிஎச் இறங்கும்போது அவையும் கைவிட்டால், லிப்பிட் மறைந்தது என்று தவறாகப் படிப்போம்.

லிப்பிடையும் புரோட்டானையும் குழப்பிக்கொண்டதற்கு இந்தப் பகுதியில் ஒரு பழைய வரலாறே உண்டு. 2000, 2001 ஆண்டுகளில் ஓஜிஆர்1, ஜிபிஆர்4 என்ற செல் மேற்பரப்பு ஏற்பிகள் சில லைசோ லிப்பிட்களை (ஒற்றை வால் கொண்ட லிப்பிட்களை) உணர்கின்றன என்று பெரிய இதழ்களில் கட்டுரைகள் வந்தன. பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. 2003-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு, இந்த ஏற்பிகள் உணர்வது புரோட்டானைத்தான், அதற்குத் துணை அவற்றின் ஹிஸ்டிடின்கள் என்று காட்டியது. அங்கே லிப்பிட் என்று நினைத்தது புரோட்டானாக இருந்தது. இன்று நாம் எதிர்த்திசையில் வேலை செய்கிறோம் என்பதால் எச்சரிக்கை குறையக் கூடாது, கூட வேண்டும்.

கணினி உருவகம்

சுருக்கமாகவே முடிக்கிறேன். குரோமாக்ஸ் போன்ற இலவச மென்பொருள், அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிட உதவும் சார்ம்36 போன்ற விசைப்புல அளவுருக்கள், ஓரளவு நல்ல வரைகலைச் செயலி இருந்தால் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். ஓபி1-இன் ஒரு சுருள் பகுதி பாஸ்பாடிடிக் அமிலத்தை எப்படிப் பிடிக்கிறது என்று ராபர்ட் எர்ன்ஸ்ட், கெர்ஹார்ட் ஹம்மர் குழுக்கள் 2018-இல் ஜெர்மனியில் செய்த பணி, உருவகமும் சோதனையும் ஒன்றையொன்று தாங்கிய நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் வழக்கமான உருவகத்தில் லிப்பிட் எந்த மின்சுமையோடு இருக்க வேண்டும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே நீங்கள்தான் எழுதித் தருகிறீர்கள். ஒற்றையா இரட்டையா என்று நீங்கள் சொன்னதை அது கடைசி வரை மாற்றாது. புரோட்டான் எங்கே போகிறது என்பதே கேள்வியாக இருக்கும்போது, விடையை உள்ளே வைத்துவிட்டுத் தேடுவதாக ஆகிவிடும். பிஎச்சை மாறாமல் வைத்துப் புரோட்டானை ஏறி இறங்க விடும் முறைகள் உண்டு. அவை கணக்கு நேரத்தையும் அனுபவத்தையும் பெரிதும் கேட்பவை. முதல் ஆய்வாக இதை மட்டும் எடுப்பவர் நல்ல படங்களை வைத்திருப்பார், நல்ல விடையை அல்ல.

எந்த லிப்பிட்?

வழியைத் தேர்ந்தபின் லிப்பிடைத் தேர்வதில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவின் கார்டியோலிப்பின் கவர்ச்சியானது. இரண்டு பாஸ்பேட்டுகள், அதில் ஒன்று 7-க்கு மேல் பிகேஏ கொண்டது, ஆகவே அது புரோட்டானைப் பிடித்து வைக்கும் பொறி என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2013-இல் கவனமாக அளந்து பார்த்தபோது இரண்டு பாஸ்பேட்டுகளும் வலுவான அமிலங்களே, செல்லின் பிஎச்சில் இரண்டும் முழுதாக மின்சுமையோடு இருக்கும் என்று தெரிந்தது. பொறி அத்தோடு விழுந்தது. எந்த லிப்பிடை எடுத்தாலும், சவ்வுக்குள் இருக்கும்போது அளந்த பிகேஏ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாஸ்பாடிடிக் அமிலத்துக்கு அது இருக்கிறது. அடுத்த நல்ல தேர்வு பிஐ4பி என்ற இனோசிட்டால் லிப்பிட். அதன் இனோசிட்டால் வளையத்தில் தொங்கும் பாஸ்பேட்டுக்கும் மறுபக்கக் கட்டு இல்லை. பிகேஏ 7-க்குச் சற்றுக் கீழ். 2020-இல் லோவன் குழுவே கால்ஜி உறுப்பில் பிஐ4பி புரோட்டானை ஏற்று ஓஷ்1 புரதத்தை விடுவிப்பதையும், அதன்வழி சரக்குகள் பிரித்து அனுப்பப்படுவது மாறுவதையும் ஈஸ்டில் காட்டியது. ஓபி1-இல் கூட்டம் அதிகம் என்று தோன்றுபவர்கள் இந்தப் பக்கம் போகலாம், இடம் இருக்கிறது.

யாருக்கு எது

முதுகலை ஆய்வேட்டுக்கு ஆறேழு மாதம்தான் இருக்கிறதென்றால் ஈஸ்ட் மட்டும் போதும்: தட்டுச் சோதனை, பிஎச்-ஃப்ளூரின் அளவீடு, எம்செர்ரி ஒட்டிய ஓபி1. லிப்பிட்தான் உணர்கிறது என்று அதில் எழுத வேண்டாம். பிஎச் இறக்கமும் ஓபி1 இடமாற்றமும் குளுக்கோஸை நிறுத்தாமலேயே சேர்ந்து நடக்கின்றன என்று எழுதினால் அது நேர்மையான, தனித்து நிற்கும் முடிவு. முனைவர் பட்டம் என்றால் முதல் இரண்டு ஆண்டு ஈஸ்ட், அதோடு இணையாகப் புரதத்தைத் தூய்மையாக்கக் கற்பது, மூன்றாம் ஆண்டில் எத்தனாலமின் சோதனை. துறையில் அதிவேக மையவிலக்கி இல்லையென்றால் பக்கத்து நிறுவனத்தில் வாரம் ஒரு நாள் கேளுங்கள். லைப்போசோம்களை அங்கே புதிதாகச் செய்துகொள்வது, செய்து எடுத்துப் போவதைவிட நல்லது. இயற்பியல் பின்னணியில் வந்தவர்கள் உருவகத்தில் தொடங்க ஆசைப்படுவார்கள். தொடங்கட்டும், ஆனால் பாஸ்பாடிடிக் அமிலத்தை ஒற்றை மின்சுமை, இரட்டை மின்சுமை என இரு ஓட்டங்களாகச் செய்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பேசட்டும். ஏற்கெனவே செல் வளர்ப்பு வசதி நன்கு ஓடும் ஆய்வகத்தில் சேர்ந்தவர்களுக்குப் பாலூட்டிச் செல்லைத் தவிர்ப்பது அரசியல் ரீதியாகக் கடினம். அவர்களுக்கும் ஈஸ்டில் ஒரு பக்கச் சோதனை நடத்த வழிகாட்டியிடம் அனுமதி கேட்கச் சொல்வேன், செலவு குறைவு என்ற வாதம் பெரும்பாலும் எடுபடும்.

ஈஸ்ட் என்று முடிவாகிவிட்டால் வாங்கும் பட்டியலில் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். வழக்கமாகக் கடையில் கிடைக்கும் ஈஸ்ட் நைட்ரஜன் ஊடகப் பொடியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் இனோசிட்டால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதில் வைத்தால் வளர முடியாத செல்களும் வளர்ந்துவிடும், தட்டுச் சோதனைக்கே பொருள் இராது. இனோசிட்டால் இல்லாத பொடியைத் தனியாகக் கேட்டு ஆர்டர் செய்ய வேண்டும். வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் மற்ற எதற்கும் முன்பாக அதைச் செய்துவிடுங்கள்.